நம்ம ஏரியா பார்க்கை புதுப்பிக்கப் போறாங்களா? குடியிருக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

சென்னை மாநகராட்சிகிட்ட மட்டும் 700க்கும் மேல பூங்கா இருக்கு, அதுல ஏதாவது ஒண்ணை எப்பவும் புதுப்பிச்சுகிட்டேதான் இருப்பாங்க. நான் எங்க ஏரியா நலச்சங்கத்துல இருக்கறதால பக்கத்து ஏரியாக்காரங்களும் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியை போன்ல கேக்கறாங்க, அதனால எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சிடறேன். சென்னையை வெச்சு எழுதறேன், மத்த ஊர்ல ஆபீஸ் பேரு கொஞ்சம் மாறும், வேலை நடக்கற விதம் கிட்டத்தட்ட இதேதான்.

டெண்டர் விட்டாச்சாம், இப்ப போய் நாங்க என்ன சொல்றது?

இந்தக் கேள்விதான் அதிகமா வருது, அதனால இதையே மொதல்ல வெக்கறேன். டெண்டர் விட்ட பிறகு நீங்க சொல்றதுல பெரும்பாலும் எடுபடறது பெயின்ட் கலரும் பெஞ்ச் எங்க போடறதுங்கறதும்தான். ஏன்னா எஸ்டிமேட்ல ஒவ்வொரு ஐட்டமும் அளவோட ஏறிடும், இத்தனை சதுர மீட்டர் பேவர் பிளாக், இத்தனை மீட்டர் கிரில், இத்தனை லைட் கம்பம்னு, அதுக்குத்தான் அனுமதி, அதுக்குத்தான் பில்லு. நடுவுல "சார் இங்க பேவர் வேணாம், மண்ணாவே விடுங்க"ன்னு சொன்னா சைட் இன்ஜினியர் நல்ல மனுஷனா இருந்தாலும் அவர் கையில ஒண்ணும் இல்ல, மாத்தணும்னா மேல போய் திருத்தின எஸ்டிமேட் வாங்கணும், அதுக்கு யாரும் மெனக்கெட மாட்டாங்க.

அதனால பேச வேண்டிய நேரம் எஸ்டிமேட் போடறதுக்கு முன்னாடி. அது எப்படித் தெரியும்னு கேப்பீங்க. ஒரு நாள் ரெண்டு பேர் டேப்பை வெச்சுகிட்டு பார்க்குக்குள்ள அளந்துகிட்டு இருப்பாங்க பாருங்க, அதுதான் எச்சரிக்கை மணி. அன்னிக்கே பேரு, எந்த ஆபீஸ், எந்த நிதின்னு கேட்டு வாங்கிடுங்க. பட்ஜெட்ல பார்க் பேரு வந்திருக்கான்னு கவுன்சிலர்கிட்ட அப்பப்ப கேட்டுகிட்டே இருக்கறதும் நல்லது.

டெண்டர் முடிஞ்சே போச்சுன்னாலும் சும்மா இருக்க வேணாம், எஸ்டிமேட் காப்பி கேட்டு வாங்குங்க. தரலைன்னா தகவல் உரிமைச் சட்டத்துல 10 ரூபா கட்டி கேக்கலாம், 30 நாள்ல பதில் தரணும். அந்தக் காப்பி பின்னாடி வேலையோட தரத்தைப் பாக்க ரொம்ப உதவும், கீழ சொல்றேன்.

யாரைப் போய் பாக்கணும்?

வார்டு கவுன்சிலர், வார்டு உதவிப் பொறியாளர், மண்டல ஆபீஸ்ல பூங்காத் துறைக்காரங்க. சென்னையில 200 வார்டு இருக்கு, உங்க வார்டு எண்ணே தெரியாம போய் நிக்காதீங்க.

இது போக ஏரியா சபைன்னு ஒண்ணு இருக்கு, நெறைய பேருக்குத் தெரியாது. கிராமத்துல கிராம சபை மாதிரி நகரத்துக்கு, 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்னிக்கு தமிழ்நாடு முழுக்க நடத்தினாங்க. அதுல பார்க்கை பத்தி பேசி, பேசினது மினிட்ஸ்ல, அதாவது கூட்டக் குறிப்புல, ஏறணும்னு நின்னு வாங்குங்க. வாய்ல சொன்னதை யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க, பேப்பர்ல ஏறினதுக்கு பதில் சொல்லித்தான் ஆகணும்.

கவுன்சிலர் வேற கட்சி, எங்க தலைவருக்கும் அவருக்கும் ஆகாது.

அப்ப தலைவர் போக வேணாம், தெருவுல இருக்கற டீச்சரம்மாவை அனுப்புங்க.

இந்த எடம் மாநகராட்சியோடதா லேஅவுட்காரங்களோடதான்னே தெரியலையே?

இதை மொதல்லயே தெளிவு பண்ணிக்கோங்க, இல்லன்னா எல்லா வேலையும் வீண். லேஅவுட் போடும்போது பெரிய மனையா இருந்தா 10 சதவீதம் எடத்தை பொது உபயோகத்துக்கு விட்டு உள்ளாட்சிக்கு தானப் பத்திரம் எழுதிக் குடுக்கணும், ஓஎஸ்ஆர் எடம்னு சொல்லுவாங்க. சில லேஅவுட்ல மேப்ல பார்க்னு பச்சை கலர் அடிச்சிருப்பாங்க, தானப் பத்திரம் பதிவே ஆகியிருக்காது. அந்த மாதிரி எடத்துக்கு மாநகராட்சி பணம் போடறது கஷ்டம். அனுமதி வாங்கின லேஅவுட் வரைபடத்தோட காப்பி ஒண்ணு, வில்லங்கச் சான்று ஒண்ணு எடுத்துப் பாருங்க.

பார்க்னு காட்டின எடத்துல வேற கட்டடம் வரப்போகுதுன்னா பயப்பட வேணாம். பெங்களூர்ல ஒரு லேஅவுட்ல பார்க்குக்கு விட்ட எடத்தை தனியார் நர்சிங் ஹோமுக்கு குடுத்தாங்க, அங்க குடியிருந்தவங்க கோர்ட்டுக்குப் போனாங்க, 1991ல உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாதுன்னு சொல்லிடுச்சு. கேஸ் போடற உரிமை அந்த ஏரியாவுல குடியிருக்கறவங்களுக்கு உண்டுன்னும் அந்தத் தீர்ப்புல இருக்கு.

மீட்டிங் போட்டா அதே பத்து பேர்தான் வர்றாங்க. என்ன பண்றது?

மீட்டிங்கை விடுங்க, பார்க்குக்குப் போங்க. ஞாயித்துக்கிழமை காலைல பதினோரு மணிக்கு கல்யாண மண்டபத்துல மீட்டிங் போட்டா யார் வருவாங்க? ரிட்டயர் ஆனவங்க, அதுலயும் ஆம்பளைங்க. நல்லவங்கதான், தப்பு சொல்லல, ஆனா அவங்க பார்க்குல இருக்கறது காலைல ஒரு மணி நேரம். மிச்ச நேரத்துல அங்க யாரு இருக்காங்கன்னு அவங்களுக்கே தெரியாது.

அதனால நான் எல்லாருக்கும் சொல்றது, மொதல்ல எண்ணுங்க. ஒரு வேலை நாள், ஒரு ஞாயிறு, காலைல திறக்கறதுலேர்ந்து ராத்திரி பூட்டற வரைக்கும், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு ஆள் ஒரு நோட்டோட உக்காந்து யாரு வர்றாங்க, எங்க உக்கார்றாங்க, எவ்வளவு நேரம்னு எழுதணும். காலேஜ் படிக்கற பசங்க இதை ஜாலியா செய்வாங்க. எழுதி முடிச்சுப் பாத்தீங்கன்னா மதியம் ஒரு மணிக்கு டிபன் பாக்ஸோட தூய்மைப் பணியாளர்கள், நிழல்ல பைக்கை நிறுத்திட்டு ஆர்டருக்கு காத்திருக்கற டெலிவரி பையன், ரெண்டு வீட்டு வேலைக்கு நடுவுல அரை மணி நேரம் கால் நீட்டற அக்கா, ஸ்கூல் விட்டு வர்ற பேரனுக்காக காத்திருக்கற பாட்டின்னு ஒரு தனிக் கூட்டமே இருக்கும். இவங்கள்ல பாதி பேர் உங்க தெருக்காரங்களே இல்ல, நலச்சங்க வாட்ஸப் குரூப்ல கண்டிப்பா இல்ல. ஆனா அந்த பார்க்கை அதிகமா உபயோகிக்கறது அவங்கதான். அவங்ககிட்ட ரெண்டே கேள்வி போதும், எதுக்காக இங்க வர்றீங்க, எது இருந்தா இன்னும் கொஞ்ச நேரம் இருப்பீங்க. முக்கால்வாசி பேர் சொல்றது குடிக்கத் தண்ணியும் பாத்ரூமும்.

அதே மாதிரி உள்ளயே தங்கி வேலை பாக்கற வாட்ச்மேன், தோட்டக்காரர், அவங்க குடும்பம், இவங்களையும் மறந்துடாதீங்க. எந்த மூலைல தண்ணி தேங்கும், எந்த ஊஞ்சல் சங்கிலி வருஷா வருஷம் அறுந்து போகும், எந்தச் சுவரைத் தாண்டி ராத்திரி ஆள் குதிக்கறான் எல்லாமே அவங்களுக்குத் தெரியும், யாருமே கேட்டிருக்க மாட்டாங்க.

வாட்ஸப்ல ஓட்டெடுப்பு போட்டா போதாதா?

போதாது. ஓபன் ஜிம்முக்கு 80 ஓட்டு விழும், அதுல 60 பேர் பார்க் பக்கமே வந்திருக்க மாட்டாங்க.

எங்க பார்க்குல வயசுப் பொண்ணுங்களே வர்றதில்ல, அவங்களுக்கு ஆர்வம் இல்லன்னு நெனைக்கறோம்.

வியன்னாவுலயும் இப்படித்தான் நெனைச்சுகிட்டு இருந்தாங்க. 1990கள்ல அங்க ஒரு ஆய்வு பண்ணிப் பாத்தப்ப ஒன்பது வயசு வரைக்கும் பொண்ணுங்க பார்க்குக்கு வர்றாங்க, அதுக்கு மேல குறைஞ்சு போறாங்க, பசங்க மட்டும் குறையறதில்லன்னு தெரிஞ்சது. காரணம் என்னன்னா ஒரே பெரிய மைதானம், அதை பசங்க எடுத்துகிட்டாங்க, பொண்ணுங்க எடத்துக்கு சண்டை போடாம ஒதுங்கிட்டாங்க. 1999ல ரெண்டு பார்க்கை மாத்தி அமைச்சாங்க, பெரிய எடத்தை சின்னச் சின்னதா பிரிச்சு, பாதையில வெளிச்சம் போட்டு, வாலிபால் மாதிரி விளையாட்டுக்கும் எடம் விட்டு, பொண்ணுங்க திரும்ப வந்தாங்க.

நம்ம ஊர்ல இதோட இன்னும் ரெண்டு சேத்துக்கணும். ஒண்ணு பாத்ரூம், பூட்டாத, வெளிச்சமான எடத்துல இருக்கற, தண்ணி வர்ற பாத்ரூம். ரெண்டாவது நம்ம அங்கிள்கள். ஒரு பொண்ணு ஃப்ரெண்டோட பெஞ்சுல உக்காந்தா "எந்த வீட்டுப் பொண்ணு நீ"ன்னு விசாரணை நடத்தற கோஷ்டி எல்லா பார்க்குலயும் இருக்கு. இதுக்கு எஸ்டிமேட்ல ஐட்டம் கெடையாது, சங்கத்துலதான் பேசித் தீக்கணும்.

பொண்ணுங்ககிட்ட கேக்கும்போது அவங்க அப்பா அம்மாவை பக்கத்துல வெச்சுகிட்டு கேக்காதீங்க. கேர்ள்ஸ் ஸ்கூல் பக்கத்துல இருந்தா ஹெட்மிஸ்ட்ரஸ்கிட்ட பேசி ஒரு பீரியட் வாங்கி அங்க போய் கேளுங்க.

சின்னப் பசங்ககிட்ட என்னத்தைக் கேக்கறது, ரோலர் கோஸ்டர் வேணும்னு சொல்லும்.

சொல்லும்தான். ஆனா கூடவே "அந்தச் சறுக்கு மரம் சாயங்காலம் சுடுது"ன்னும் சொல்லும், அதை எந்த இன்ஜினியரும் எழுத மாட்டார். தகரச் சறுக்கு மேற்க பாத்து இருந்தா நாலு மணிக்கு ஏப்ரல் மாசத்துல அதுல உக்கார முடியுமா? விளையாட்டுச் சாமான் மேல மர நிழல் விழணும், கீழ மணலோ ரப்பர் தரையோ இருக்கணும், பேவர் மேல ஊஞ்சல் போட ஒத்துக்காதீங்க. ரப்பர் தரையும் வெயில்ல சூடாகும், மணலா இருந்தா நாய் பூனை அசிங்கம் பண்ணும், வாரா வாரம் கிளறி விடணும். எங்க ஏரியாவுக்கு மணல்தான் சரின்னு நான் நெனைக்கறேன், உங்க பார்க்குல கிளறி விட ஆள் இருக்கான்னு பாத்து முடிவு பண்ணுங்க.

எல்லாரும் எட்டு வடிவ நடைபாதை, ஓபன் ஜிம், செல்ஃபி பாயின்ட், ஃபவுன்டன்னு கேக்கறாங்க. எல்லாத்தையும் போட எடம் இல்லையே?

இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு, செலவும் இல்ல. கோலமாவு ரெண்டு கிலோ வாங்கிட்டு வந்து தரையிலயே நிஜ அளவுல கோடு போடுங்க. எட்டு நடைபாதை இவ்வளவு, ஜிம் இவ்வளவு, ஃபவுன்டன் இவ்வளவுன்னு போட்டுட்டு ஒரு சாயங்காலம் எல்லாரையும் அதுக்குள்ள நடக்க விடுங்க. பேப்பர்ல பிளான் படிக்கத் தெரியாதவங்களுக்குக் கூட உடனே புரியும், பசங்க ஓடறதுக்கு எடமே மிச்சம் இல்லன்னு. அங்கயே நின்னு சண்டை போட்டு, அங்கயே காலால அழிச்சு, மாத்திப் போடலாம். முடிவானதை போட்டோ எடுத்து அளவோட எழுதி உதவிப் பொறியாளர்கிட்ட குடுங்க, அவருக்கும் வேலை மிச்சம்.

ஃபவுன்டனை பத்தி மட்டும் என் சொந்தக் கருத்து: வேணவே வேணாம். திறப்பு விழா அன்னிக்கு ஓடும், அப்புறம் மோட்டார் போகும், அப்புறம் கொசு வளக்கற தொட்டி.

கிரிக்கெட் பசங்களால வாக்கிங் போக முடியல, தடை போட்டுடலாமா?

தடை போட்டா பசங்க ரோட்டுக்குத்தான் போவாங்க. ஹவுசிங் போர்டு பசங்களுக்கு வேற எங்க எடம்? நேரம் பிரிச்சு விடுங்க, காலைலயும் ராத்திரியும் நடக்கறவங்களுக்கு, நாலு மணிலேர்ந்து இருட்டற வரைக்கும் பசங்களுக்கு, டென்னிஸ் பந்து மட்டும், ஒரு பக்கம் வலை. இந்த ஒப்பந்தத்தை பசங்க கேப்டனையும் வெச்சுகிட்டு பேசணும். அவனை வெச்சுப் பேசினா அவனே மத்த பசங்களை அடக்குவான்.

மரத்தை வெட்டணும்னு சொல்றாங்க.

எதுக்குன்னு எழுத்துல கேளுங்க. பொது எடத்துல இருக்கற மரத்தை வெட்டறதுக்கு கலெக்டர் தலைமையில மாவட்ட பசுமைக் குழு இருக்கு, 2021லேர்ந்து, அவங்க அனுமதி வேணும். கான்ட்ராக்டர் தானா முடிவு பண்ண முடியாது. சாஞ்சிருக்கு, பூச்சி அரிச்சிருக்குன்னா அது வேற, கிளையை மட்டும் கழிச்சா போதுமான்னு பாக்கச் சொல்லுங்க. ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவை மெட்ரோ வேலைக்காக மூடி, பல வருஷம் கழிச்சு 2023ல திறந்தாங்க, இப்ப விளையாட, நடக்க எல்லா வசதியும் இருக்கு, ஆனா பழைய பெரிய மரங்கள் போனது போனதுதான். எவ்வளவு கோடி போட்டாலும் அதுங்களை வாங்க முடியாது.

வெட்டாமலே கொல்றதும் நடக்குது, அதை கவனிங்க. அடிமரம் வரைக்கும் கான்கிரீட் போட்டு அழகா வட்டத் திண்ணை கட்டிடுவாங்க, வேருக்குத் தண்ணி போகாது, மூணு நாலு வருஷத்துல காஞ்சிடும், இல்ல அடுத்த புயல்ல சாயும். மரத்தைச் சுத்தி மண்ணு விடணும்னு எஸ்டிமேட் போடும்போதே சொல்லுங்க. புதுசா வெக்கறதுன்னா வேம்பு, புங்கன், பூவரசு, மகிழம், நாவல் கேளுங்க. 2016 டிசம்பர் வர்தா புயல்ல வேகமா வளர்ற வெளிநாட்டு மரங்கள் எப்படி விழுந்துச்சுன்னு சென்னைல இருக்கற எல்லாரும் பாத்தோம். கோனோகார்ப்பஸ் கொண்டு வந்தா திருப்பி அனுப்புங்க, தமிழ்நாடு அரசே 2025ல அதை நடறதுக்கு தடை போட்டுடுச்சு.

மழை பெஞ்சா பார்க் குளமாயிடுது, மேடாக்கச் சொல்லலாமா?

மேடாக்கினா அந்தத் தண்ணி உங்க வீட்டுக்குள்ள வரும், யோசிச்சுக்கோங்க. ஒரு ஓரத்துல பள்ளமாவே விட்டு தண்ணி இறங்கற மாதிரி பண்றதுதான் புத்திசாலித்தனம், மாநகராட்சியே பல பூங்காவுல ஸ்பாஞ்ச் பார்க்னு குளம் மாதிரி வெட்டியிருக்காங்க. நடைபாதை மட்டும் கொஞ்சம் உசரமா இருந்தா போதும்.

காசு எங்கேர்ந்து வரும்? நாங்களும் போடணுமா?

மாநகராட்சி நிதி, கவுன்சிலர் வார்டு நிதி, எம்எல்ஏ தொகுதி நிதி, இதெல்லாம் வழக்கமான வழி. நமக்கு நாமே திட்டம்னு 90கள்ல வந்தது, 2021ல நகரங்களுக்குத் திரும்பக் கொண்டு வந்தாங்க, அதுல மதிப்பீட்டுல குறைஞ்சது மூணுல ஒரு பங்கை மக்கள் கட்டினா மிச்சத்தை அரசு போடும். ஒன்பது லட்ச ரூபா வேலைன்னா மூணு லட்சம் நீங்க. பணத்தை மாநகராட்சி ஆணையர் கணக்குல கட்டணும், கான்ட்ராக்டர் கையிலயோ வேற யார் கையிலயோ குடுக்கவே கூடாது. இந்த வழியில போனா வேலை என்னன்னு நீங்களே முன்மொழியறதால மேல சொன்ன எஸ்டிமேட் பிரச்சனை தானா தீந்துடும், அதனாலதான் எனக்கு இந்தத் திட்டம் பிடிக்கும்.

கம்பெனி தத்தெடுக்கறதும் உண்டு. மயிலாப்பூர் லஸ்ல நாகேஸ்வரராவ் பூங்கா இருக்கே, அதை வருஷக்கணக்கா சுந்தரம் ஃபைனான்ஸ் பராமரிக்கறாங்க, காலைல போய்ப் பாத்தா வித்தியாசம் தெரியும். ஆனா எல்லா கம்பெனியும் அப்படி இருக்காது, போர்டு மட்டும் பெருசா வெச்சுட்டு போறவங்களும் இருக்காங்க. எத்தனை வருஷம், எத்தனை தோட்டக்காரர், தண்ணிச் செலவு யாருது, நடுவுல விட்டுட்டா என்ன, எல்லாம் ஒப்பந்தத்துல வரணும்.

காசு போட்டவங்களுக்கு பார்க்குல தனி உரிமை உண்டா?

இல்ல. வெளியாளுங்க வரக்கூடாதுன்னு கேட்ல ரிஜிஸ்டர் வெக்கறதும் கூடாது, அது பொதுப் பூங்கா.

வேலை நடக்கும்போது நாங்க என்ன பாக்கணும்?

எஸ்டிமேட் காப்பியை கையில வெச்சுகிட்டு எண்ணுங்க, அளங்க. மண்ணுக்குள்ள போய் மறையற வேலையை மூடறதுக்கு முன்னாடி போட்டோ எடுத்துடுங்க, நடைபாதைக்கு அடியில போட்ட ஜல்லி கனம், பைப் லைன், கேபிள், மழைநீர் குழி. மேல தெரியறதை எப்ப வேணா பாத்துக்கலாம். கான்ட்ராக்டர்கிட்ட நேரா சண்டைக்குப் போகாதீங்க, தேதியோட போட்டோவை உதவிப் பொறியாளருக்கு அனுப்புங்க. வேலை முடிஞ்சு ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு வர்ற பழுதை கான்ட்ராக்டரே சரி பண்ணணும், அது எந்தத் தேதி வரைக்கும்னு கேட்டு எழுதி வெச்சுக்கோங்க, ஏன்னா அது முடிஞ்ச அடுத்த வாரம்தான் எல்லாம் உடையும்.

சக்கர நாற்காலிக்கு சாய்தளம் போடுவாங்க, அதை கண்டிப்பா அளங்க. ஒரு அடி உசரத்துக்கு பன்னெண்டு அடி நீளம் இருக்கணும். நாலடியில முடிச்சு வெச்சிருப்பாங்க, அதுல ஏத்தவும் முடியாது, எறக்கினா தள்ளிகிட்டு ஓடணும். பைக் உள்ள வராம இருக்க கேட்ல கம்பி நட்டு வெச்சா சக்கர நாற்காலியும் வர முடியாது, இதுக்கும் ஒரு வழி மொதல்லயே யோசிக்கணும்.

நாங்களே சேந்து சில வேலை செய்யலாமா?

செடி நடறது, சுவருக்கு பெயின்ட், சின்ன லைப்ரரி அலமாரி, இதெல்லாம் தாராளமா. கரண்ட், போர்வெல், விளையாட்டுச் சாமான் மாட்டறது இதுல கை வெக்காதீங்க, ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு யாருதுன்னு வரும்.

ராத்திரியில குடிக்கறாங்க, சீக்கிரம் பூட்டிடலாமா? சுவரை உசத்தலாமா?

உசரமான சுவர்தான் குடிக்கறவங்களுக்கு வசதியே. ரோட்டுலேர்ந்து உள்ள தெரியற மாதிரி கிரில் போடுங்க, புதரை இடுப்பு உசரத்துக்கு வெட்டி வைங்க, மூலை லைட்டு எரியுதான்னு பாருங்க. ஆள் நடமாட்டம் இருந்தா அவங்களே வேற எடம் பாத்துப்பாங்க. மதியத்துல பூட்டற பழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்க, அந்த நேரத்துலதான் நெழல் தேவைப்படற ஜனம் வருது.

நாயை கூட்டிட்டு வரலாமா?

2024 மே மாசம் ஆயிரம் விளக்கு பகுதியில ஒரு மாநகராட்சிப் பூங்காவுல ரெண்டு ராட்வைலர் சேந்து அஞ்சு வயசுக் குழந்தையைக் கடிச்சுது, அந்தக் குழந்தை பூங்கா காவலாளியோட மகள், வீடே அங்கதான். அதுக்கப்புறம் மாநகராட்சி விதியை இறுக்கிடுச்சு. கயிறு, வாய்மூடி, லைசென்ஸ் மூணும் இல்லாம கூட்டிட்டு வராதீங்க. எடம் பெருசா இருந்தா நாய்க்குன்னு ஒரு ஓரம் வேலி போட்டுக் கேக்கலாம்.

திறப்பு விழா முடிஞ்ச பிறகு யாரு பாத்துக்கறது?

திறக்கறதுக்கு முன்னாடியே கேளுங்க. தோட்டக்காரர் எத்தனை பேர், அவங்களுக்கு யார் சம்பளம் தர்றா, பாத்ரூம் சாவி யார்கிட்ட, போர்வெல் வத்தினா லாரித் தண்ணிக்கு யாரு பொறுப்பு. சங்கத்துலேர்ந்து மாசம் ஒரு தடவை ரெண்டு பேர் சுத்திப் பாத்து, உடைஞ்சதை மாநகராட்சியோட 1913 போன் நம்பர்ல புகார் குடுத்து, புகார் எண்ணை ஒரே நோட்டுல எழுதி வெச்சா போதும். அதுக்கு மேல பெரிய கமிட்டியெல்லாம் போட்டா ஆறு மாசம் தாங்காது.

கல்வெட்டுல எங்க சங்கத்துப் பேரு போடுவாங்களா?

எடம் மிச்சம் இருந்தா போடுவாங்க. அதுக்கு அலையற நேரத்துல பக்கத்துலயே இன்னொரு போர்டு கேளுங்க: பார்க் நேரம், பராமரிக்கற கான்ட்ராக்டர் பேரு, ஒப்பந்தம் முடியற தேதி, புகார் நம்பர்.